பழைய சட்டையில் அமராவதித் தாமரை: வரைவதா, அச்சடிப்பதா, தைப்பதா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் கொட்டிக் கிடந்த துணிக் குவியலிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை உருவி எடுத்தேன். ஆண்கள் சட்டை, முழுக்கை, நல்ல பருத்தி. காலர் ஓரம் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. 70 ரூபாய். வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் விரித்துப் பார்த்தபோதுதான் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை கண்ணில் பட்டது. டீயா, துருவா, தெரியவில்லை. வெந்நீரில் இரண்டு தடவை ஊற வைத்தும் அசையவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிதான் விடுமுறை என்பதால் சந்தையும் மியூசியமும் எனக்கு ஒன்றோடொன்று இடிப்பதில்லை. பழைய சென்னைக்காரர்கள் அதைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. அந்தச் செத்த காலேஜில், ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியிலிருந்து வந்த சிற்பங்கள் முன்னால் நின்றபோது கறைக்கு வழி கிடைத்தது. ஸ்தூபியைச் சுற்றி நின்ற வேலித் தூண்களைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு முழுத் தாமரை வட்டம். தூணின் உச்சியிலும் அடியிலும் பாதியாக வெட்டிய அரைத் தாமரை. இடையில் நெடுக்காக ஓடும் பள்ளங்கள். சட்டையின் முதுகும் கிட்டத்தட்ட ஒரு தூண்தானே? நடுவில் முழுத் தாமரை வைத்தால் கறை மறையும். கீழ் ஓரத்தில் அரைத் தாமரை வைத்தால் சட்டை முடிகிற இடம் வேண்டுமென்றே அப்படி முடிந்தது போல இருக்கும்.

டிசைன் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. கல்லில் இருப்பதை எந்த வழியில் துணிக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுக்கத்தான் ஒன்றரை வருடமும் ஐந்து பழைய உடுப்புகளும் செலவாயின. ஃபேப்ரிக் பெயின்ட், அச்சு, ஸ்டிக்கர் போல ஒட்டும் டிரான்ஸ்ஃபர் பிரின்ட், எம்பிராய்டரி, துணிமேல் துணி வெட்டி வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையல் என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தாயிற்று. எது யாருக்குச் சரிப்படும் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

துணியே பாதி முடிவை எடுத்துவிடும்

பழைய உடுப்பில் லேபிள் பெரும்பாலும் இருக்காது. உள் தையல் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, சிங்க் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் உதிர்கிற சாம்பல் ஆனால் பருத்தி அல்லது லினன். உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி இறுகினால் பாலியெஸ்டர். முடி கருகும் நாற்றம் என்றால் பட்டு அல்லது கம்பளி. இரண்டும் கலந்த மாதிரி இருந்தால் கலப்புத் துணி. சந்தையில் கிடைப்பதில் இதுதான் அதிகம்.

பாலியெஸ்டர் என்று தெரிந்துவிட்டால் சாயம் முக்குவதை மறந்துவிடலாம். வீட்டில் கலக்கும் பருத்திச் சாயம் அதில் ஏறாது. பெயின்டும் மேலோடு நிற்குமே தவிர நாருக்குள் போகாது. தையல் வேலை ஒன்றுதான் அங்கே நம்பகமானது. பருத்தியாக இருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கும். ஆனால் துணி எவ்வளவு நைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முழங்கையும் தோளும் மற்ற இடத்தைவிட மெலிந்து தெரியும். அங்கே கனமான எம்பிராய்டரி போட்டால் இரண்டாவது துவைப்பிலேயே பூவைச் சுற்றிக் கிழியும். உள்பக்கம் ஒரு மல் துணி கொடுத்துத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

எதைப் பார்த்துச் செய்வது

அருங்காட்சியகம் என்றதும் படத்தை அப்படியே எடுத்து நெஞ்சில் ஒட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் பாதிப்பேர் தவறுகிறோம் என்பது என் கட்சி.

வெண்கலக் கூடத்தில் சோழர் காலத்து அம்மன் சிலைகளின் முகத்தையும் முத்திரையையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இடுப்புக்குக் கீழே பாருங்கள். உடுத்தியிருக்கும் துணியில் மெல்லிய கோடுகள், இரண்டு கோட்டுக்கு நடுவே சின்னச் சின்னப் பூ என்று கீறியிருப்பார்கள். ஊசியை ஏற்றி இறக்கிக் கோடாகப் போடும் ஓட்டுத்தையலுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. அதை எடுத்தால் இன்னொரு தொல்லையும் இல்லை. சாமி உருவத்தைச் சட்டையில் போட்டால் அது ஒருநாள் அழுக்குக் கூடையில் கிடக்கும், பேன்ட்டில் போட்டால் அதன்மேல் உட்கார வேண்டும். என் அத்தை பார்த்தால் வீட்டுக்குள்ளேயே விட மாட்டார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை. சிலையை விட்டுவிட்டுச் சிலையின் சேலையை எடுத்துக்கொண்டால் அத்தைக்கும் சம்மதம்.

அமராவதியில் தாமரையைத் தவிர இன்னொன்றும் எடுக்கலாம். வேலியின் மேல்கட்டுக் கற்களில் தடித்த மாலையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையாகப் போவார்கள். மாலை ஏறி இறங்கி அலை போல ஓடும். ஆட்களை விட்டுவிட்டு அந்த அலையை மட்டும் வரைந்தால் குர்தா ஓரத்துக்கும் துப்பட்டாவுக்கும் அளவெடுத்தது மாதிரி பார்டர் கிடைக்கும்.

எழும்பூர் வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 முதல் தன்னிடமுள்ள பதிப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியமும் பெரிய அளவுப் படங்களை இலவசமாகத் தருகிறது. இரண்டிலும் தேட வேண்டியது சோழமண்டலக் கடற்கரையிலிருந்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறிய சிட்டுத் துணிகளை, அதாவது கையால் வரைந்து சாயமேற்றிய பூப்போட்ட பருத்தித் துணிகளை (chintz). பாறைக் குன்றிலிருந்து வளைந்து எழும் ஒரே மரம், அதில் பத்து வகைப் பூ. அந்த நாளில் ஐரோப்பியப் பெண்கள் இதற்கு அலைந்த அலைச்சலில் உள்ளூர் நெசவுத்தொழில் படுத்துவிடும் என்று பயந்து பிரான்ஸ் 1686இல் தடையே போட்டது, 1759இல்தான் எடுத்தார்கள். நம் கடற்கரையில் வரைந்ததை ஆம்ஸ்டர்டாம் இணையதளத்திலிருந்து இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

ஒரே ஆள், இரண்டு ஓவியர்கள், இரண்டு வழிகள்

இந்த ஒப்பீட்டில் எனக்கு வெளிச்சம் காட்டியது பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரன். 1965இல் டச்சு ஓவியர் மொந்திரியானின் ஓவியத்தை உடையாக்கினார்: வெள்ளைக் கட்டங்கள், கறுப்புக் கோடுகள், ஆங்காங்கே சிவப்பு, நீலம், மஞ்சள். படத்தில் பார்த்தால் அச்சடித்த துணி என்று நினைப்போம். இல்லை. ஒவ்வொரு கட்டமும் தனியாக வெட்டி இணைத்த கம்பளி ஜெர்சி. உடம்பின் வளைவுக்காகப் போட வேண்டிய தையல் எல்லாம் கறுப்புக் கோடுகளின் ஓரத்துக்குள் ஒளிந்துகொண்டது. ஓவியத்தில் கோடு என்ன வேலை செய்ததோ, உடையில் தையல் அந்த வேலையைச் செய்தது.

23 வருடம் கழித்து, 1988இல், அதே ஆள் வான் கோவின் ஐரிஸ் பூக்களை ஒரு ஜாக்கெட்டில் இறக்கினார். அதைப் பாரிஸின் லெசாஜ் எம்பிராய்டரிக் கூடம் பொட்டும் மணியும் ரிப்பனுமாக இழைத்தது. ஒரு ஜாக்கெட்டுக்கு 600 மணி நேரம். வான் கோ பெயின்டைத் தடித்தடியாக அப்பி வரைந்தவர். அந்தத் தடிப்பைக் காட்ட மணியும் பொட்டும் தேவைப்பட்டன.

கட்டமான ஓவியத்துக்கு வெட்டி ஒட்டும் வேலை, தடித்த ஓவியத்துக்கு இழை வேலை. மூலப்பொருள் எப்படிச் செய்யப்பட்டதோ, அதற்கு நெருங்கிய சொந்தக்காரனாக ஒரு தையலைத் தேட வேண்டும். என்னுடைய ஐந்து உடுப்புகளில் தோற்றதெல்லாம் இந்தச் சொந்தம் பொருந்தாமல் தோற்றவைதான்.

பெயின்ட்

ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். சிட்டுத் துணியின் கொடியை ஒரு வெளிர் நிறக் குர்தாவில் வரைந்தேன். பெயின்ட், தூரிகை எல்லாம் சேர்த்து 240 ரூபாய், இரண்டு மாலை வேலை. நன்றாக உலரவிட்டு உள்பக்கமாக அயர்ன் போட்டு, மூன்று நாள் கழித்தே தண்ணீரில் போட்டேன். ஒரு வருடமாகியும் நிறம் போகவில்லை. சிட்டும் தூரிகை போன்ற ‘கலம்’ என்ற எழுதுகோலால் வரைந்ததுதான் என்பதால் சொந்தமும் பொருந்தியது. கோடு கொஞ்சம் நடுங்கினாலும் கைவேலை என்று மன்னித்துவிடுவார்கள்.

கறுப்பு, கருநீலத் துணியில் மட்டும் வேண்டாம். அடியில் வெள்ளை பூசி அதன்மேல் நிறம் பூச வேண்டும். காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைக்கும். கறையை மறைக்கவும் இது ஏற்றதல்ல. பழுப்புக் கறைமேல் ரோஸ் பூசினால் பழுப்பு ரோஸ் வரும், அவ்வளவுதான்.

அச்சு

அரைத் தாமரை மாதிரி திரும்பத் திரும்ப வருகிற உருவத்துக்கு அச்சை அடித்துக்கொள்ள ஆளில்லை. மரக்கட்டை வாங்கிச் செதுக்க வேண்டும் என்பதில்லை. பெரிய அழிரப்பரில் பிளேடால் வெட்டினாலே போதும். அதுவும் முடியாவிட்டால் பள்ளிக்கூடத்தில் செய்தோமே, வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி! முற்றின வெண்டைக்காய் அழகான ஐந்து இதழ்ப் பூவைத் தரும்.

தைத்த உடுப்பு என்பதால் ஒரு சிக்கல் உண்டு. தட்டையான துணியில் அச்சு சமமாக விழும். சட்டையிலோ பாக்கெட் மேடு, பக்கத் தையல், பட்டன் பட்டி எல்லாம் குறுக்கே வரும். அங்கே பாதி பூதான் விழும். உள்ளே அட்டை செருகி, மேசையில் மடித்த போர்வை விரித்து அடித்தால் ஓரளவு தேறும். பார்டருக்கு அச்சு சரி. நடுவில் ஒரே ஒரு பெரிய உருவம் வேண்டுமென்றால் இது இல்லை.

டிரான்ஸ்ஃபர் பிரின்ட்

போனில் இருக்கும் படத்தைக் கொடுத்தால் அரை மணியில் சட்டையில் ஏற்றித் தருகிறார்கள். ரவிவர்மா ஓவியத்தின் ஒரு பகுதியைக் கறுப்பு டி-ஷர்ட்டில் போட்டேன். முதல் நாள் பிரமாதம். சென்னை வெயிலில் அரை நாள் போட்டபோது நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் கவர் ஒட்டியிருப்பது மாதிரி வியர்த்தது. படம் ஒரு மெல்லிய படலம், அதற்குள் காற்று போகாது. இரண்டு மாதத்தில் புடவை மடிப்புகளில் வெடிப்பு விட்டது. சரியான சூடும் அழுத்தமும் கொடுத்தால் இன்னும் நாள் நிற்கும் என்றார் வேறொரு கடைக்காரர். இருக்கலாம்.

இதை முழுக்க ஒதுக்கவும் மனம் வரவில்லை. முகம், நிழல், நகையின் பளபளப்பு என்று நுணுக்கமாக ஓடும் ஓவியத்தைத் துணிக்குக் கொண்டுவர நம்மில் பலருக்கு வேறு வழி கிடையாது. அப்படியென்றால் உடுப்பை விட்டுவிட்டுத் துணிப்பையில் போடுங்கள். பைக்கு வியர்க்காது.

எம்பிராய்டரி

சோழர் சிலையின் சேலைக் கோடுகளை ஒரு பழைய லினன் குர்தாவின் கையில் ஓட்டுத்தையலாகப் போட்டேன். ஒரே நிற நூல், நூல்கண்டு ஒன்றரை. டிவி பார்த்துக்கொண்டே பத்து நாளில் முடிந்தது. இதுவரை செய்ததில் அதிகப் பேர் தொட்டுப் பார்த்தது இதைத்தான். யாருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது, எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு சந்தோஷம்.

ஆரி வேலை வேறு விவகாரம். தெருவுக்கு ஒரு ஆரி வகுப்பு இருக்கிறது என்பதால் எளிது என்று நினைத்துவிடுகிறோம். ஆரிக்குத் துணியை ஃப்ரேமில் முறுக்கேற்றிக் கட்ட வேண்டும். தைத்து முடித்த சட்டையை அப்படிக் கட்ட வராது. பக்கத் தையலைப் பிரித்து, வேலை முடிந்தபின் மறுபடி மூட்ட வேண்டும். கூலிக்குக் கொடுத்தால் 70 ரூபாய் சட்டைமேல் கல்யாணப் பிளவுஸ் விலை ஏறி உட்காரும்.

ஒட்டுத்தையல்

கறை பிடித்த வெள்ளைச் சட்டைக்குக் கடைசியில் கைகொடுத்தது இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எழுதப்போகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் தேர்த் திருவிழாவில் தேரைச் சுற்றி உருளை உருளையாகத் தொம்பைகள் தொங்கும். சிவப்புத் துணிமேல் வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாக வெட்டி வைத்துத் தைத்த பூக்கள், யாளிகள். நூறடி தூரத்திலிருந்து பார்த்தாலும் உருவம் தெரிய வேண்டும் என்பதால் நுணுக்கமே கிடையாது. தெளிவான எல்லைக்கோடு மட்டும். கல்லில் செதுக்கிய தாமரையும் அப்படித்தான். இதழ் தரையிலிருந்து மேலெழுந்து நிற்கும், ஓரத்தில் நிழல் விழும். துணிமேல் துணி வைத்தாலும் அதே போல ஒரு சின்ன மேடு, ஒரு சின்ன நிழல். சொந்தம் இதைவிட நெருக்கமாக அமையாது.

இதழ் வெட்டும் விதத்தைச் சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இதழ் வடிவத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அதைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாகத் துணியை வெட்டி, அட்டையை அதன்மேல் வைத்து, ஓரத்தில் சோற்றுக் கஞ்சியை விரலால் தடவி, முதலில் கூர்முனையை மடக்குங்கள். பிறகு இடது, வலது. சூடான அயர்ன் பாக்ஸை மேலே அழுத்தினால் மடிப்பு அப்படியே நிற்கும். அட்டையை உருவிவிட்டு அடுத்த இதழ். முனையைக் கடைசியில் மடக்கினால் பிசிறு காதுபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் எட்டு இதழை அப்படித்தான் பாழாக்கினேன். 24 இதழ், வெளி வட்டத்தில் 16, உள் வட்டத்தில் 8. நடுப்பொகுட்டுக்கு ஒரு வட்டம். எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி மறைதையலில் வைத்துத் தைக்க மூன்று வாரம் ஆனது. செலவு? இதழ்கள் என் அம்மாவின் கிழிந்த சுங்குடிச் சேலை. நூல் மட்டும்தான் வாங்கினேன்.

வரையவே வராது என்பவர்களுக்கு இதிலேயே ஒரு குறுக்கு வழி உண்டு. ஐரோப்பாவில் சிட்டுத் துணி விலை மிகுந்திருந்த காலத்தில், நைந்துபோன சிட்டிலிருந்து பூக்களை மட்டும் வெட்டி வெற்றுத் துணியில் வைத்துத் தைப்பார்கள். நம் வீட்டில் பூப்போட்ட பழைய பருத்திச் சேலைகளுக்கா பஞ்சம்? பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் வருவதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொந்திரியான் மாதிரிக் கட்டங்கள் பிடிக்குமென்றால் ஒட்டுவதைவிட இணைப்பது நல்லது. தேய்ந்த இரண்டு சட்டைகளின் நல்ல பாகங்களை மட்டும் வெட்டி ஒன்றாக்கலாம். இணைப்புத் தையல் எப்படியும் தெரியத்தான் போகிறது. ஒரு கறுப்புப் பட்டியைக் கொடுத்துவிட்டால் அதுவே டிசைன். இதற்குத் தையல் மெஷின் வேண்டும், அல்லது பொறுமையான டெய்லர் வேண்டும்.

இயற்கைச் சாயத்தில் கலம்காரி (கலத்தால் துணியில் வரைவது) போடலாமா என்று ஒரு தோழி கேட்டாள். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் செய்கிறார்கள்; கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது கடுக்காயும் பாலும் ஊட்டிய புதுத் துணியில், பல தடவை அலசிக் காயவைத்துச் செய்கிற வேலை. தைத்த பழைய சட்டைக்குச் சரிவராது. சாயத்தில் முழுதாக முக்கினால்கூடத் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் நிறம் பிடிக்காமல் வெளிர்க் கோடாக நிற்கும். சிலருக்கு அந்தக் கோடு பிடிக்கும்.

சரி, எதை எடுப்பது?

ஒரே வார இறுதியில் முடிய வேண்டும், துணி வெளிர்ப் பருத்தி என்றால் பெயின்ட். பார்டர் மட்டும் போதுமென்றால் அச்சு. கறை, ஓட்டை, பல்லிளிக்கும் முழங்கை என்று ஏதாவது குறை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒட்டுத்தையல். குறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பூ. உடுப்பு குறையே இல்லாமல் நன்றாக இருக்கிறது, கைக்கு மட்டும் வேலை வேண்டுமென்றால் ஓட்டுத்தையலில் நாலு கோடு.

செய்ததை விற்கிற எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அமராவதிக்கும் சோழருக்கும் யாரும் உரிமை கேட்டு வரமாட்டார்கள். 1906இல் இறந்த ரவிவர்மாவுக்கும் இப்போது தடையில்லை. ஆனால் இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரின் எழுத்தும் குறியுமான ஓவியங்கள் துணிக்கென்றே வரைந்தவை போல இருக்கும். அவர் இறந்தது 1977இல் என்பதால் 2037 முடியும் வரை விற்பனைக்குத் தொடக்கூடாது.

வெள்ளைச் சட்டையின் கீழ் ஓரத்தை அடித்துத் தர டெய்லரிடம் கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா, பழைய சட்டைல இவ்ளோ வேலை? புதுசே ஒண்ணு எடுத்திருக்கலாமே.”

“கறை இருந்துச்சுண்ணே. அதை மறைக்கத்தான்.”

“எங்க இருந்துச்சு?”

சொல்லவில்லை. அவராகத் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், உள்பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் சிரித்தார். அடுத்த வாரம் சட்டையை வாங்கப் போனபோது ஒரு கேரி பேக் நிறைய வெட்டுத்துணி எடுத்து வைத்திருந்தார். அதில் மெரூன் ரவிக்கைத் துண்டு ஒன்று. ஆறு மாதமாக மூன்று இதழ் குறைவோடு தொங்கும் ஜீன்ஸ் ஜாக்கெட்டுக்கு அது போதும்.